டயட்டுக்கும் வீக்லி ஆஃப் உண்டு

போன வியாழக்கிழமை ஒரு எவர்சில்வர் டப்பாவை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். உள்ளே நான்கு ஒப்பட்டு, நம் போளிதான். நெய் மணம் கேட் வரைக்கும் வந்தது.

கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு ரத்னம்மா, கன்னடக்காரர். மகள் வயிற்றுப் பேரனுக்கு அன்று பெயர் சூட்டும் விசேஷம். எங்கள் வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார், வர முடியாது என்று அவருக்கே தெரியும். அதனால் ஆசையாக எடுத்து வந்தார்.

"ஏனாகுத்தக்கா... ஒரு நாளுக்கு ஒண்ணும் ஆவாது. அண்ணனுக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க."

ஒரு நாளுக்கு ஒண்ணும் ஆவாது!

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம்... தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். "ஒரு நாளுக்கு என்ன ஆகும்னு உள்ள வந்து பாருங்க. படுத்திருக்காரு, வந்து பாருங்க!" ரத்னம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனார். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு.

வாராவாரம் ரேஷன் கடை, பஸ் கண்டக்டர், கரண்ட் ஆபீஸ் என்று யாரையாவது இந்தப் பக்கத்தில் திட்டித் தீர்ப்பது என் வழக்கம். நீங்களும் 'டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது' என்று சிரித்துக்கொண்டே படிக்கிறீர்கள். இந்த வாரக் கோபம் கொஞ்சம் பெரியது. யார் மேல் என்பதுதான் குழப்பமாக இருக்கிறது. எழுதிக்கொண்டே வருகிறேன், தெரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். ரோட்டில் போகும் கிரேன் இல்லை. ஷெட்டின் கூரைக்குக் கீழே, தண்டவாளத்தில் ஓடும் ஓவர்ஹெட் கிரேன். இரும்பு ஏணியில் ஏறி, மேலே தொங்கும் கேபினில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். கீழிருந்து கை காட்டுவார்கள். இவர் டன் கணக்கில் எடையுள்ள டைகளை, அதாவது இரும்பு அச்சுகளைத் தூக்கி, ஆட்கள் தலைக்கு மேலே நகர்த்தி, சொன்ன இடத்தில் பூப்போல இறக்குவார். ஹெல்பராகச் சேர்ந்து, ஒன்பது வருஷம் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அப்புறம் கிடைத்த கேபின் அது. "நான் மேல இருந்தா கீழ இருக்குறவன் அண்ணாந்தே பாக்க மாட்டான். அவ்ளோ நம்பிக்கை" என்பார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

ஜனவரியில் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அரிசியைக் குறை, இனிப்பை நிறுத்து, மதியம் கேழ்வரகுக் களி சாப்பிடு என்றார்.

இவருக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே! சிங்காரப்பேட்டைக்காரர். "சின்ன வயசுல மூணு வேளையும் களி தின்னுதான் வளர்ந்தேன். பேக்டரி வேல கெடச்சுதான் தெனம் சோறு பாத்தேன். இப்ப மறுபடியும் களியா? இதுக்காடீ இத்தன வருஷம் சங்கு ஊதுனதும் ஓடிக்கினு இருந்தேன்?"

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு களி தின்றார். எட்டாவது நாள் பேச்சுவார்த்தைக்கு வந்தார். யூனியன் கமிட்டியில் இருப்பவர் இல்லையா? சட்டையில் பேனா செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, மிஷினுக்கே மெயின்டனன்ஸ் நாள்னு ஒண்ணு இருக்குது. மனுஷனுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு. டயட்டுக்கும் வீக்லி ஆஃப் வேணும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழம. அப்பறம் பண்டிக லீவு தனி. நம்ம தீபாவளி, பொங்கல். ரத்னம்மா வூட்டு உகாதி. நம்ம பேக்டரி ஷபீர் வூட்டு ரம்ஜான். பண்டிக ஞாயித்துக்கிழமையில வந்துட்டா அடுத்த நாள் காம்ப் ஆஃப்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு பாஷை பேசும் தெருவில் இருந்துகொண்டு எல்லார் வீட்டுப் பண்டிகைக்கும் லீவு கேட்டால் அப்புறம் வேலை நாள் எது? பண்டிகை லீவு கிடையாது, ஞாயிறு மட்டும்தான் என்று நான் கறாராகச் சொன்னேன். சரி என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? நிர்வாகம் என்றால் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட வேண்டாமா?

"ஞாயித்துக்கிழமை என்ன வேணா சாப்பிடுங்க. ஆனா திங்கட்கிழமை காலையில ஒண்ணும் கிடையாது. டிபன் பாக்ஸும் கிடையாது. மத்தியானம் வரைக்கும் பட்டினி. கேன்டீன்ல சர்க்கரை இல்லாத டீ மட்டும்தான்."

கை நீட்டினார். "ஒத்துக்கினேன். ஒப்பந்தம்னா ஒப்பந்தம்."

எனக்கு அன்று இருந்த பெருமிதத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னேன். ஞாயிறு ஏற்றியதைத் திங்களில் இறக்கிவிடுகிறேன் என்றேன். "சூப்பர் ஐடியா டீச்சர், எங்க வீட்லயும் இதையே பண்றேன்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். சர்க்கரை வியாதிக்கே மருந்து கண்டுபிடித்துவிட்ட மாதிரி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் அமர்க்களமாகத்தான் போயின. காலையில் பூரி. மதியம் ஆட்டுக்கறிக் குழம்பும் அரிசிச் சோறும். மே மாதம் வந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மாம்பழம் கூடை கூடையாக இறங்க ஆரம்பித்தது. பழத்தை நறுக்கக்கூட விட மாட்டார். அப்படியே கசக்கி, காம்பைக் கிள்ளி உறிஞ்சுவார். நான் எதிரில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பேன். அவர் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் 'நாளைக்குத் தெரியும்' என்று என் மனசுக்குள் ஒரு திருப்தி. ஆமாம், திருப்திதான். இப்போது எழுதும்போது கூசுகிறது.

திங்கட்கிழமைகளில் அவர் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. கேன்டீனில் யார் கூப்பிட்டாலும் இட்லியைத் தொட மாட்டாராம். மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு கம்பெனி பஸ் ஏறிவிடுவார். ஒரே ஒரு தடவை, வீட்டுக்கு வந்ததும் சொன்னார். "காலையில கை லேசா நடுங்குது டீச்சர். வேர்த்து வேர்த்து ஊத்துது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நேத்து மாம்பழம் தின்னப்ப நடுங்கலையா?"

அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் முன்பு, திங்கட்கிழமை. மூன்றாவது பீரியட். ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஷபீர் பேசினார். என் வீட்டுக்காரரின் கிரேனுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டி, கை காட்டுபவர். இவரை அண்ணன் என்பார், என்னை அண்ணி என்பார்.

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணன் கண்ணு முழிச்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

கண் முழித்துவிட்டார் என்றால்? எப்போது மூடினார்? பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி ஓடினேன், எந்த பஸ்ஸில் ஏறினேன், எதுவும் நினைவில்லை.

நடந்தது இதுதான். ஒரு பெரிய டை பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டு போகிறது. 'நிறுத்து' என்று ஷபீர் கை காட்டுகிறார். நிற்கவில்லை. மறுபடி காட்டுகிறார். கிரேன் போய்க்கொண்டே இருக்கிறது. டை தூணில் மோதி, ஊசலாடித் திரும்பி வருகிறது. ஷபீர் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. தலை தப்பியது. யாரோ ஓடிப்போய் கீழே மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

மேலே ஏறிப் பார்த்தால் இவர் சட்டையெல்லாம் நனைந்து, வாய் குழறி, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு சாய்ந்து கிடக்கிறார். சூப்பர்வைசர் கீழே நின்று கத்தினாராம், "ஞாயித்துக்கெழம ஊத்துனது இன்னும் எறங்கலையா?" என்று. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷனை! அவ்வளவு பேருக்கு நடுவில்! அந்த சூப்பர்வைசர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த ஜென்மத்தில் தீராது.

ஷபீர்தான் அந்த முறிந்த கையைப் பிடித்துக்கொண்டே கத்தியிருக்கிறார். "குடி இல்ல சார், சுகர் எறங்கிடுச்சு! எங்கம்மாவுக்கு இப்டித்தான் வரும். சர்க்கர கொண்டாங்க!" கேன்டீனிலிருந்து சர்க்கரையை அள்ளிக்கொண்டு ஓடி, டீயில் கொட்டிக் கலக்கி, மேலே கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் இவருக்குத் தெளிந்திருக்கிறது. தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கீழ யாருக்கு என்னாச்சு?"

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானாகவே ஆரம்பித்தேன். "நேத்து ஞாயித்துக்கிழமை டாக்டர். வாரத்துல ஒரு நாள் நல்லா சாப்பிட்டுடறார். மாம்பழமே மூணு தின்னார். சொன்னா கேக்கறதில்லை..."

டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "மாம்பழத்தால சுகர் ஏறும்மா. இவருக்கு இறங்கி இருக்கு. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் கூடக் குறைய சாப்பிட்டதை நான் சமாளிச்சுக்குவேன், அளவைக் குறைச்சாப் போதும். இந்த மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்துல இருக்கவே கூடாது. திங்கட்கிழமை பட்டினி போடச் சொன்னது யாரு?"

கட்டிலில் இருந்து இவர்தான் பதில் சொன்னார். "யாரும் சொல்லல டாக்டர். அவசரத்துல மறந்துட்டேன்."

அங்கேயே, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? எதற்கு என்னைக் காப்பாற்ற வேண்டும்?

டயட் இருப்பவர்கள் நடுவில் ஒரு நாள் ஆசையாகச் சாப்பிடலாமா கூடாதா என்று கேட்டு உங்களிடமிருந்து நிறையக் கடிதம் வருகிறது. அதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். லீவு கொடுத்தால் லீவாகக் கொடுங்கள். வீக்லி ஆஃப் எடுத்ததற்காக அடுத்த நாள் தொழிலாளிக்குத் தண்டனை கொடுக்கிற முதலாளியை நம் ஊரில் சும்மா விடுவார்களா? கேட்டில் கொடி ஏறிவிடும். நான் ஐந்து மாதம் அதைத்தான் வீட்டில் செய்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பெயரில், ஆசைப்பட்டுச் சாப்பிட்டதற்கு அபராதம் வசூலித்தேன். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்னம்மா வீட்டுக்கு நேற்று போனேன். அந்த ஒப்பட்டும் சரி, அவரும் சரி, எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். "விடுங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவருக்குக் கம்பெனி மெமோ கொடுத்திருக்கிறது. வரும் புதன்கிழமை விசாரணை. அதுவரை கேபினுக்கு ஏறக்கூடாது. அஜாக்கிரதை என்று முடிவானால் கிரேன் போய்விடும், ஸ்க்ராப் யார்டில் போடுவார்கள் என்கிறார்கள். கை கட்டோடு வந்த ஷபீரே, "அண்ணன் மேல தப்பில்லன்னு நான் சொல்றேன் அண்ணி" என்கிறார். இரவும் பகலும் இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

மெமோவுக்கு இவர் எழுதிய பதிலை எடுத்துப் படித்தேன். 'காலை அவசரத்தில் உணவு உண்ண மறந்துவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"ஏங்க, உண்மையை எழுத வேண்டியதுதானே?"

"நம்ம வூட்டு சமாச்சாரம் கம்பெனிக்கு எதுக்கு டீச்சர்? ஒப்பந்தம் போட்டப்ப நானும்தான கை குடுத்தேன்?"

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு திட்டி, அழுது, முடித்திருப்பேன். திட்டவே இல்லை. அதனால்தான் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை நடத்தப்போகிற அதிகாரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது இந்தப் பத்தியைப் படிப்பார்கள். தயவுசெய்து புதன்கிழமைக்குள் வாங்கிப் படித்துவிடுங்கள். அந்தப் பதிலில் ஒரு வரி பொய்.

அவர் சாப்பிட மறக்கவில்லை. நான் போடவில்லை.