ரீகோன் போனுக்குப் பூசை போட்ட கதை

இன்னைக்கு பீடோங் போன் கடையில சீன மொதலாளி, அந்தத் தவுக்கே, என்னைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே... கடையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க!

இருங்க, வரிசையா சொல்றேன்.

மகள் தர்ஷினி ஸ்கூல்ல ஃபாரம் ஃபோர் படிக்கறா. பழைய போன் ஸ்கிரீன் உடைஞ்சு, ஒரு எழுத்தைத் தொட்டா வேற எழுத்து வருது.

"ம்மா, புதுசு லா! என் கூட்டாளிங்க எல்லாரும் புதுசுதான் வச்சிருக்காங்க."

அவங்க அப்பா உடனே, "தவணையில எடுத்துடலாம்"னாரு. (தவணைன்னா இலவசம்னு அந்த மனுசனுக்கு ஒரு நெனப்பு!)

நான் சொன்னேன், "ரீகோன் வாங்கலாம்."

"ரீகோனா? அது காடிக்குத்தானே சொல்லுவாங்க?"

"போனுக்கும் இருக்கு. யாரோ வச்சிருந்ததைக் கடையில நல்லா சோதிச்சு, புது பேட்டரி போட்டு, வாரண்டியோட விக்கறாங்க. உங்கப்பா ஓட்டற காடியும் இன்னொருத்தர் ஓட்டினதுதான். நடுவழியில என்னைக்காச்சும் எறங்கித் தள்ளினியா?"

"ரெண்டு தடவை தள்ளினேன் மா."

(அதை விடுங்க!)

கடைசியில தர்ஷினி, அப்பாவைச் சாட்சியா வச்சு ஒரு பந்தயம் கட்டினா. தீபாவளிக்குள்ள அந்த ரீகோன் போன் ரிப்பேருக்குக் கடைக்குப் போச்சுன்னா நான் புதுசு வாங்கித் தரணும். போகலைன்னா, எஸ்.பி.எம். பரீட்சை முடியற வரைக்கும் 'புதுசு'ங்கற வார்த்தையே அவ வாயில வரக் கூடாது.

வாங்கியாச்சு. நல்ல பெரிய போன், கீறல் கூட இல்லை.

வாங்கின கையோட நேரா கோயிலுக்குப் போனோம். காடி எடுத்தா பூசை போடறோம், மோட்டர் சைக்கிள் எடுத்தா பூசை போடறோம். போன் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

ஐயரு தட்டைக் கையில வாங்கிட்டுக் கேட்டாரு, "நட்சத்திரம்?"

"மகளுக்கு ரோகிணி. போனுக்குத் தெரியாது ஐயரே, செகண்ட் ஹேன்ட்."

அவரு சிரிக்காம, "அப்ப முன்னாடி வச்சிருந்தவங்க கண்ணு திருஷ்டியும் சேத்து எடுத்துடறேன்"னு எலுமிச்சம்பழத்தை எடுத்தாரு.

தர்ஷினி அலறினா. "ஐயரே, டயருக்கு வச்சு நசுக்கற மாதிரி நசுக்கிடாதீங்க!"

பூசை முடிஞ்சதும் நான் சந்தனம் குங்குமம் வைக்கப் போனேன்.

"ம்மா, கேமரால வைக்காதே! ஸ்கிரீன்லயும் வைக்காதே!"

சரி, பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு வேற எடம் தேடினேன். யாரு கண்ணுலயும் படாம கீழ் ஓரத்துல ஒரு சின்ன பள்ளம் தெரிஞ்சுது. அதுல நல்லா அழுத்தி வச்சேன்.

(சிரிக்காதீங்க. இன்னும் முடியலை.)

இன்னைக்குக் காலையில அவ ஸ்கூலுக்குப் போயிட்டா. அங்க போன் கொண்டு போகக் கூடாதுங்கறதால அது மேசை மேல கெடந்துச்சு. பிள்ளை வர்றதுக்குள்ள சார்ஜ் போட்டு வைப்போமேன்னு வயரைச் சொருகினா, உள்ள போக மாட்டேங்குது! திருப்பிச் சொருகினேன். வேற வயர் எடுத்தேன். ம்ஹூம்.

முருகா! பந்தயம் போச்சு!

அவ வர்றதுக்குள்ள யாருக்கும் தெரியாம முடிச்சுடணும்னு மோட்டரை எடுத்தேன். போன் முந்தானை முடிச்சுல. பசாருக்குக் காய் வாங்கப் போற மாதிரி கையில கூடை வேற!

தவுக்கே கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தப் பள்ளத்துக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாரு. ஊசியால நெண்டினாரு. மஞ்சளாப் பொடி கொட்டுது.

"ஆன்ட்டி, உள்ள தெப்புங் இருக்கு!"

"மாவு இல்லை தவுக்கே. சந்தனம். செம்பாயாங் பண்ணோம், சாமிக்கு."

அப்பதான் அந்தச் சிரிப்பு! சிரிச்சு முடிச்சுட்டு, சுவத்துல இருக்கற அவரோட சாமி மாடத்தைக் காட்டி மலாய்ல சொன்னாரு, "நானும்தான் தினமும் கும்பிடறேன். ஊதுபத்தியைக் கொண்டாந்து போன் ஓட்டையிலயா குத்தறேன்?"

காசு வேணாம்னுட்டாரு. போன்ல ஒரு குறையும் இல்லையாம்.

நிம்மதியா வெளிய வந்து ஸ்கிரீனைப் பாத்தேன். பேட்டரி முக்காவாசிக்கு மேல இருக்கு.

கணக்கு இடிக்குதே! பூசை போட்டு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அன்னையிலேர்ந்து ஓட்டை அடைச்சிருக்கு. அப்ப இது எங்க சாப்பிடுது?

அவ ஸ்கூல் விட்டு வந்து உக்காந்ததும் கேட்டேன். "தர்ஷினி, போனை எங்க சார்ஜ் போடறே?"

மூஞ்சி வெளிறிப் போச்சு.

"டியூஷன் போற வீட்டுல மா. மேல வச்சா வயர் இல்லாம ஏறுமே, அந்தச் சார்ஜர் அங்க இருக்கு."

"வயர் போகலைன்னு ஏன்டி சொல்லலை? சொல்லியிருந்தா பந்தயத்துல நீதானே ஜெயிச்சிருப்பே!"

"சொன்னா கடைக்குப் போகும். போனா நீ புதுசு வாங்குவே. உன் பட்ஜெட்டுக்குப் புதுசு வாங்கினா, இந்தக் கேமராவுல பாதி கூட வராது மா! என் கூட்டாளிங்களே போட்டோ எடுக்க இதைத்தான் கேக்கறாங்க." அப்புறம் என்னை மேலயும் கீழயும் பாத்தா. "ஆமா, சார்ஜ் ஏறலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? கடைக்குப் போனியா?"

நான் கூடையைப் பாத்தேன். கூடையில ஒரு கத்திரிக்காய் கூட இல்லை.

அப்புறம் என்ன, சந்தனக் கதையைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. தரையில உருண்டு உருண்டு சிரிக்கறா!

சாயங்காலம் அவரு வேலை முடிஞ்சு வந்து, காலணியைக் கழட்டிக்கிட்டே கேட்டாரு, "என்ன, ரீகோன் எப்படி ஓடுது?"

ரெண்டு பேரும் ஒரே குரல்ல, "சூப்பர் பா!" "நல்லாத்தான் இருக்குங்க!"

பொய் இல்லையே? விளக்கேத்தும்போது சாமிகிட்டயும் சொல்லிட்டேன். வீட்டுக்காரரு கேட்டது எப்படி ஓடுதுன்னு. கடைக்குப் போச்சான்னு கேக்கலை!

இப்ப நீங்க சொல்லுங்க, பந்தயத்துல ஜெயிச்சது யாரு? அவரு பேஸ்புக் பக்கமே வர மாட்டாரு, தைரியமா கமெண்ட் போடுங்க.

(கூலிம் கம்பெனி பஸ்ல அவரு கூடப் போற அண்ணன்மாருங்க மட்டும் தயவு செஞ்சு வாயைத் தொறக்காதீங்க. வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு டப்பா சக்கரைப் பொங்கல் நிச்சயம்!)