பம்புக்காரர் வாங்கிய வெல்டிங் மெஷின்

மார்ச் 4: வாகனப் பரிசோதனை, 40 டாலர்.
மார்ச் 7: டிங்கர் சொன்ன தொகை, 2,600. கொடுக்கவில்லை.
மார்ச் 15: வெல்டிங் மெஷின், 690. முகமூடி, கையுறை, 55.
மார்ச் 29: கம்பிச் சுருள், இரண்டாவது, 24.
ஏப்ரல் 12: தகடு, 38.
மே 2: மறுபரிசோதனை, 20.

இவ்வளவு செலவையும் இழுத்துவிட்ட கார் பதினெட்டு வருடப் பழையது. அதன் சொந்தக்காரரைத் தெருவில் எல்லோரும் பம்புக்காரர் என்பார்கள். நகரத் தண்ணீர் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பம்புகளைக் கவனித்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

அவருடைய மனைவிக்கு இடது கால் மடங்காது. மூன்று வருடத்துக்கு முன் மூளையில் ரத்தம் கட்டி விழுந்தவள் பிழைத்து எழுந்தாள். பேச்சு திரும்பியது, வாய்த்துடுக்கும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது, கால் மட்டும் வரவில்லை. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். திங்கள், வியாழன் இரண்டு நாளும் சிகிச்சை மையத்தின் வெந்நீர்க் குளத்தில் இறக்குவார்கள். மார்பளவு தண்ணீரில் எதையும் பிடிக்காமல் நிற்பாள். கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்த்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டுவாள்.

"பாருங்க, போலீஸ்கிட்ட மாட்டினவ மாதிரி."

உலகத்தில் வேறெங்கும் அவளால் அப்படி நிற்க முடியாது. அந்தக் குளத்துக்குப் போக அந்தக் காரை விட்டால் வேறு வழியும் கிடையாது. அதற்கு முன்கதவு அகலம். இருக்கை வெளிப்பக்கமாகத் திரும்பும்படி பம்புக்காரர் தன் கையாலேயே மாற்றி அமைத்திருந்தார். அவள் அதில் உட்கார்ந்து, நீட்டிய காலோடு அப்படியே உள்ளே திரும்பிவிடுவாள். வாடகைக் காரில் ஏற்றிப் பார்த்தார்கள். கால் உள்ளே போனால் ஆள் வெளியே, ஆள் உள்ளே போனால் கால் வெளியே.

மார்ச் பரிசோதனையில் அதிகாரி காரைத் தூக்கி நிறுத்தி, கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் இரும்புப் பட்டியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். ஊறிய பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது.

"மொத்தமும் துரு. ரெண்டு மாசத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் ரோட்டுல எடுக்கக் கூடாது."

டிங்கர் பட்டறையில் கேட்டபோது, "வண்டியோட விலையே அவ்வளவு வராது சார், விட்டுத் தள்ளுங்க" என்றார் டிங்கர். விட்டுத் தள்ள பம்புக்காரரிடம் இன்னொரு கார் இல்லை. குளத்துக்கு ஃபோன் செய்தார். மூன்று மாதம் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டார், தானே பற்றவைப்பது என்று. வெல்டிங் அவருக்குத் தெரியாது. ஆனால் இரும்போடு ஆயுள் முழுக்கப் பழகியவர். மெஷின் விவரத்தாள்கள் ஆறு வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். மனைவியின் தம்பி, கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், எட்டிப் பார்த்தார்.

"என்ன அத்தான், பொண்ணு பார்க்கிறீங்களா? ஆறு போட்டோ வெச்சிருக்கீங்க."

"சிரிக்காதே மாப்ளே. இதுல சிலதுக்கு கேஸ் சிலிண்டர் வேணும். சிலதுக்கு வேண்டாம், கம்பிக்குள்ளயே மருந்து இருக்கு."

"எது நல்லது?"

"சிலிண்டர்னா அதுக்கு வேற மாசா மாசம் வாடகை."

"அப்ப மருந்துக் கம்பியே கட்டிக்குங்க."

பெட்ரூமிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "பொண்ணு பார்க்கிறப்ப என்னோட ஒரே ஒரு போட்டோதான் பார்த்தாராம்டா. அதான் இப்ப உஷார்."

பம்புக்காரர் ஒவ்வொரு மெஷினும் எவ்வளவு ஆம்பியர் வரை போகும் என்று பார்த்தார். நூற்றிருபது, நூற்று முப்பது, நூற்றைம்பது, கடைசியில் இருநூறு. தண்ணீர் நிலையத்தில் அவர் கடைப்பிடித்த முறை ஒன்றுதான். தேவைக்கு ஒரு படி பெரிய பம்பை வாங்க வேண்டும். பெரிய பம்பு வால்வை அடக்கி வைத்தால் அடங்கி ஓடும். சின்னது திணறித் திணறிப் புகைந்து போகும். அந்த முறை அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. இருநூறு போட்ட தாளைத் தனியே எடுத்து வைத்தார். அதே வரியில், இருநூறுக்கு முன்னால், அறுபது என்று ஓர் எண் இருந்தது. எது குறைச்சல் என்று பார்த்து அவர் எதையும் வாங்கியவர் இல்லை.

கடையில் விற்பனையாளரிடம் கேட்டுப் பார்த்தார்.

"கார் வேலைக்கு இது சரியா வருமா தம்பி?"

"சார், பொய் சொல்ல மாட்டேன். போன மாசம் வரைக்கும் நான் செருப்புக் கடையில இருந்தேன். ஆனா இதுதான் இருக்கிறதுலயே பெரிசு."

பெரியது வீட்டுக்கு வந்தது. தண்ணீர் நிலையத்தின் பழைய இரும்புக் குவியலிலிருந்து சில துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, கார் நிறுத்தும் இடத்தில் பழகினார். விரல் பருமன் தகடுகள், குழாய்களின் விளிம்புகள். பற்றவைத்த கோடு முதல் நாள் புழு ஊர்ந்த மாதிரி இருந்தது, இரண்டாம் வாரம் மீன் செதில் மாதிரி வரிசையாக விழுந்தது. அவர் ஒட்டிய இரண்டு துண்டை மைத்துனர் சுவரில் ஓங்கி அடித்துப் பார்த்தார். சுவர்தான் பெயர்ந்தது.

"அத்தான், கப்பலே கட்டலாம் போலிருக்கே!"

பம்புக்காரர் மறைக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்தார். அன்று சாயங்காலம் மனைவியின் நீச்சல் உடுப்பை அலமாரியிலிருந்து எடுத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்து, மடித்து வைத்தார்.

ஏப்ரல் நடுவில் காரில் கை வைத்தார். துருவைச் சுரண்டியதும் உள்ளங்கை அளவு ஓட்டை தெரிந்தது. புதுத் தகடு வெட்டி அதன்மேல் பொருத்தி, முகமூடியை இறக்கி, விசையை அழுத்தினார். ஒரு மின்னல். முகமூடியைத் தூக்கினால் ஒட்டிய இடம் இல்லை; அங்கே பட்டாணி அளவில் புதிதாக ஒரு பொத்தல். பக்கத்தில் வைத்தார். இன்னொரு பொத்தல். இரண்டும் சேர்ந்து ஒன்றாயின.

கார்த் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷினின் குமிழைக் கடைசிவரை குறைத்தார்.

"இதுக்குக் கீழ போகாதா அத்தான்?"

"போகாது. அறுபதுதான் கடைசி."

"இதுக்கு எவ்வளவு வேணும்?"

பம்புக்காரர் தாள்களை எடுத்து வந்தார். அவர் வேண்டாமென்று ஒதுக்கிய சின்ன மெஷின் முப்பதில் தொடங்கியது, மெல்லிய கம்பியும் கேஸும் போட்டு. இந்த முறை அவர் இடது பக்கத்து எண்ணை மட்டுமே பார்த்தார். மைத்துனரும் பார்த்தார், ஆனால் கேலி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது பம்புக்காரருக்கு.

கடையில், கம்பி போட்டு ஓட்டிய மெஷினைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். பாதி விலைக்கு விற்கப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. இன்னொன்று வாங்கக் கையில் இல்லை. சரி, இதிலேயே தொட்டுத் தொட்டு எடுப்போம் என்று ஒரு பொட்டு, ஆறும் வரை காத்திருப்பு, இன்னொரு பொட்டு என்று போனார். நாலில் ஒன்று பிடித்தது. மற்ற மூன்றும் விளிம்பைத் தின்றன. விளிம்பு போனால் நல்ல தகடு வரை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினால் அங்கேயும் துரு. உள்ளங்கை முழங்கையாகி, முழங்கை முழுக் கையாகிவிட்டது.

ஒருநாள் முகமூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலையில் இருந்தவருக்கு, காருக்குள் தரைவிரிப்பின் அடியில் பஞ்சு புகைந்தது தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க! புகை! என்னங்க!"

மெஷின் இரைச்சலில் கேட்கவில்லை. அவள் வாக்கரை இழுத்தாள், அது நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டது. கையில் கிடைத்த டம்ளரை ஜன்னல் வழியாக எறிந்தாள். அது காரின் கூரையில் மோதிய சத்தத்தில்தான் அவர் தலையைத் தூக்கினார். வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

"குறி பரவாயில்லையே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க அங்க எரிஞ்சுகிட்டு இருந்தாலும் நான் இங்க உட்கார்ந்து பார்த்துகிட்டுத்தான் இருக்கணும். போதும், விட்டுடுங்க."

"இன்னும் கொஞ்சம்தான்."

"எனக்கு நிக்கத் தெரியாமலா போயிடும்?"

வாக்கரில் நிற்கும்போது அவளுடைய வலது முழங்காலும் இப்போது நடுங்கத் தொடங்கியிருந்தது. இருவரும் அதைக் கவனித்திருந்தார்கள்.

மே இரண்டாம் தேதி, தேய்த்து வழவழப்பாக்கிக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் காரைக் கொண்டுபோனார். அதே அதிகாரி. ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்கவில்லை, கட்டைவிரலால் அழுத்தினார். ஒட்டின தகடு ஒரு பக்கம் வாய் பிளந்தது.

"யார் பண்ணினது?"

"நான்தான்."

அதிகாரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சார், முதல் தடவை வந்தப்பன்னா சரி பண்ணியிருக்கலாம். இப்ப கதவுத் தூணோட அடியே போயிடுச்சு. இனி யார் கையிலயும் ஆகாது." குரலில் கோபம் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார்.

பம்புக்காரர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று தோன்றியது.

காரைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். திரும்பும் இருக்கையை மட்டும் கழற்றி, மைத்துனரின் காரில் பொருத்திப் பார்த்தார். அந்தக் கதவின் அகலத்துக்கு அது பாதி திரும்பி நின்றுவிட்டது. நடக்க முடியாதவர்களை ஏற்றிப் போகும் மையத்தின் வேனுக்கு எழுதிக் கொடுத்தார். முன்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. வாரம் தவறாமல் குளத்துக்கு ஃபோன் செய்து, "இடம் இருக்கில்ல?" என்று கேட்டார். எடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் "இருக்கு சார்" என்றாள். ஜூன் பிறந்த பிறகு, "மேல கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

அதன் பிறகு குளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் வராததால் திங்கள், வியாழன் நேரம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். பம்புக்காரர் அதை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். "வேறொருவர்" என்ற இடம் வந்ததும் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"யாரா இருந்தாலும் நல்லா நிக்கட்டும்" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பம்புக்காரர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், கட்டிலருகே நின்றுகொண்டே இருந்தார்.

கடிதம் வந்த தேதி ஜூன் 19, வியாழக்கிழமை.