தீப்பெட்டியில் கோழி எச்சம்

மெலிந்துபோன கோழியின் எச்சத்தைத் தீப்பெட்டியில் வைத்து வலங்கைமான் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அதைத் திறந்ததும் எழுந்த வாடை, என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த வயலோரத்துக் குடிசைக்கு இழுத்துப் போனது.

அன்று எங்கள் பெட்டைக்கோழியின் எச்சத்தில் வெள்ளைப் பூச்சி நெளிவதைக் கண்டு அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நல்லவேளை பார்த்தடி" என்று வேப்பங்கொழுந்தை அரைத்து அதன் வாயில் திணித்தாள். கோழி தேறிவிட்டது.

அதே வாரம், வாய்க்கால் மேட்டில் தங்கச்சி வெளிக்குப் போன இடத்திலும் பூச்சி கிடந்தது.

"யாருகிட்டயும் சொல்லாதக்கா" என்றாள். எனக்கும் வெட்கம். சொல்லவில்லை. வயிறு ஊதி ஊதி, நெல் அறுப்புக்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து டாக்டர் நிமிர்ந்தார்.

"குடல்பூச்சிதாம்மா. மருந்து தர்றேன். நேரத்தோட வந்து சொன்னீங்க, பொழச்சிக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.