கண் டாக்டருக்கு ஒரு சம்பந்த விசாரணை

சமீபத்தில் என் அத்திம்பேர், அதாவது அக்காவின் புருஷர், ஒரு கண் டாக்டரை மாப்பிள்ளை பார்ப்பது போல விசாரித்தார்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே அம்மையில் ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருக்கிற கண்ணில் இப்போது புரை. ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. ஆபரேஷன்தான் வழி என்றார்கள். யாரிடம் செய்துகொள்வது? மயிலாப்பூரில் இதற்கெல்லாம் யோசனைக்குப் பஞ்சமில்லை... கடைசியில், மாம்பலத்தில் புதிதாகப் போர்டு மாட்டியிருக்கும் ஒரு சீமைப் படிப்பு டாக்டரிடம் போவதென்று முடிவாயிற்று.

போர்டில் பெயர் ஒரு வரி. பட்டங்கள் இரண்டு வரி. அத்திம்பேர் வாசலில் நின்று அத்தனை எழுத்தையும் வாய்விட்டுப் படித்தார். என்ன பிரயோஜனம்? எது கண்ணைப் பற்றிய பட்டம், எது வெறும் பெருமைக்கு என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆகவே உள்ளே போனதும் தமக்குத் தெரிந்த விசாரணையில் இறங்கினார்.

"பூர்வீகம் எது?"

"தஞ்சாவூர்ப் பக்கம்."

"அப்பா?"

"வக்கீல். காலமாயிட்டார்."

"கல்யாணம் ஆயிடுத்தோ? மாமனார் யாரு?"

டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்குத்தான் மானம் போயிற்று. சிரிக்காதீர்கள் — நீங்கள் மட்டும் என்ன செய்திருப்பீர்கள்? படிப்பைச் சோதிக்க நமக்குத் தெரியாது. குடும்பத்தைத் துருவத் தெரியும். தெரிந்ததைத்தானே செய்வோம்?

அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள்: "டாக்டர், உங்க கையால யாருக்காவது கண் போயிருக்கோ?"



"போயிருக்கும்மா," என்றார் டாக்டர். "சிந்தாதிரிப்பேட்டையில ஒரு பாய். தையல்காரர். ஆபரேஷன் ஆனதும் இருமவே கூடாது, காயம் பிரிஞ்சிடும். அவருக்கு இருமல் இருந்தது. அது நிக்கிற வரைக்கும் நான் காத்திருக்கணும். காத்திருக்கலை. இப்போ இன்னொரு கண்ணை வச்சுக்கிட்டுத்தான் தைக்கிறார்."

அத்திம்பேர் மேல்வேஷ்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "கிளம்பு. வேற டாக்டரைப் பார்க்கலாம்."

நானும் எழுந்தேன். அக்காவுக்கு இன்னொரு கண் ஏது?

அக்கா நகரவில்லை. "இவரே பண்ணட்டும்," என்றாள்.

டாக்டர் உடனே சம்மதிக்கவில்லை. அக்காவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். "லேசா சளி இருக்கு. சுத்தமா போகட்டும், அப்புறம் பார்ப்போம்," என்று திருப்பி அனுப்பிவிட்டார். கஷாயமும் கையுமாகக் காத்திருந்தோம்.

ஆபரேஷன் ஆயிற்று. கண்ணில் கட்டு, தலைக்கு இரு புறமும் மணல் மூட்டை. அசையக் கூடாது, தும்மக் கூடாது. அத்திம்பேர் தம்முடைய பொடி டப்பியைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! எனக்கோ ராத்திரியில் தூக்கமே இல்லை.

போன வாரம் கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் விரல்களை நீட்டினார். அக்கா சரியாக எண்ணினாள். கண்ணாடி போட்டால் இன்னும் தெளியுமாம். அத்திம்பேர் அங்கேயே அழுதுவிட்டார். நானும்தான்.

ஜட்காவில் வீடு திரும்பும்போது அக்காவைக் கேட்டேன்: "அப்படிச் சொன்னவரை நம்பி, இருக்கிற ஒரு கண்ணை எப்படிக் கொடுத்தே?"

"அந்தப் பாயைப் பத்திச் சொல்றச்சே அவருக்குத் தொண்டை அடைச்சுதுடா. நீங்க ரெண்டு பேரும் அவர் மூஞ்சியைப் பார்த்துண்டிருந்தேள். நேக்குத்தான் மூஞ்சி தெரியலையே... கேட்டுண்டிருந்தேன்."