நான் பிரித்த சீட்டு

‘1986, லெந்து மூன்றாம் வெள்ளி: சீட்டைப் பிரித்துவிட்டேன்’ என்கிறது என் டைரி.

தாராவியில் எங்கள் ஜெபக்குழுவில், லெந்து என்னும் தவக்காலத்தின் வெள்ளிதோறும், விடமுடியாத பாவத்தைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி மடித்துப் போடுவோம். சீட்டுகளைப் பிரிக்காமல் எரிப்பது என் பொறுப்பு. நான் பிரித்த சீட்டில், ‘பக்கத்து வீட்டுப் பெண்மேல் இச்சை’ என்றிருந்தது. கையெழுத்து அடுத்த வீட்டுத் தேவராஜுடையது போலிருந்தது. அதன்பின் அவர் குழாயடிக்கு வந்தாலே என் மனைவியை வீட்டுக்குள் அனுப்பினேன்.

ஒருநாள் அவரே மறித்தார்.

“என்னவே, சாக்கடையத் தாண்டுத மாதிரி என்னயத் தாண்டிப் போறீரு? சீட்டப் பிரிச்சுப் பாத்தீரோ?”

நான் விலகி நடக்கப் பார்த்தேன்.

“நான் எழுதுனது பீடிப் பழக்கத்த. நீரு என்னத்த எழுதுனீரு?”

எரிப்பவன் என்பதால் நான் ஒருநாளும் எழுதியதில்லை. அடுத்த வெள்ளி முதல்முறையாக எழுதினேன்: ‘பிறர் சீட்டைப் படித்தேன்.’

இப்போது எதையும் பிரிக்காமல் எரிக்கிறேன். தேவராஜ் சொன்னது உண்மையா என்பதை இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.