வாஸ்து நாளில் பிடுங்கிய கட்டைகள்

திருவொற்றியூரில் கடற்கரைப் பக்கம் இடுப்பளவு தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் அங்கே ஆள் உயரத்துக்கு அஸ்திவாரக் கடைக்கால் தோண்டச் சொன்னவனை என்ன சொல்லித் திட்டுவது? வெள்ளைக்காரன் போன புதிது. ராயபுரத்து முதலாளி ஒருவர் கிடங்கு கட்ட இடம் வாங்கியிருந்தார். வாஸ்து நாள் ஐப்பசியில் வந்தது, அதைத் தவறவிட அவருக்கு மனசு வரவில்லை. மழையையும் சேர்த்துப் பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை.

நானும் என் புருசனும் அங்கே கூலிக்கு இருந்தோம். அவர் குழிக்குள் வெட்டுவார், நான் மேலே மண் சுமப்பேன். மேலே களிமண், கீழே சொதசொதவென்று மணல். இரண்டு பக்கமும் பலகை வைத்து, நடுவே குறுக்காகச் சவுக்குக் கட்டைகளை இறுக்கி அடித்திருந்தோம். அந்தக் கட்டைகள்தான் மண்சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பூசையன்று காலையில் மேஸ்திரி ஈசானிய மூலையில் இருந்த கட்டைகளை எல்லாம் பிடுங்கச் சொன்னான்.

“இன்னா மேஸ்திரி, கட்டைய எடுத்துட்டா மண்ணு நிக்குமா?” என்றேன்.

“மொதலாளியும் அவரு சம்சாரமும் உள்ள எறங்கிக் கல்லு வெக்கணும். குறுக்கால கட்டை இருந்தா எப்டி எறங்குவாங்கோ? பூசை முடிஞ்சதும் போட்டுக்கலாம். போம்மே, வேலையப் பாரு.”

பிடுங்கியதை எல்லாம் மேலே அடுக்கிவிட்டார்கள். மூலையில் தேங்கிய தண்ணீரை இறைக்க என் புருசனை இறங்கச் சொன்னான். “வாணாம்யா, எறங்காத” என்றேன். “கொஞ்சம் தண்ணிதான் மே. அள்ளிட்டு வந்துர்றேன்” என்று மண்ணெண்ணெய் டின்னோடு இறங்கிவிட்டார். அவர் தூக்கிக் கொடுத்த டின்னை வாங்கி ஊற்றிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் சுவர் சரிந்துவிட்டது.

மண் அவரை மார்பு வரை மூடி எதிர்ச் சுவரோடு நசுக்கியிருந்தது. வாயிலிருந்து சேறும் ரத்தமும் வந்தன, சத்தம் வரவில்லை. இரண்டு பேர் மேலே குப்புறப் படுத்து அவர் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். கால் அடியில் மாட்டியிருந்தது. தோள் மளுக்கென்று விலகியது, அப்போதுதான் அலறினார். எதிர்ச் சுவரிலும் வெடிப்பு ஓடியிருந்ததால் ஒருத்தனும் உள்ளே இறங்கவில்லை. மழைத் தண்ணீர் நாலா பக்கமிருந்தும் குழிக்குள் இறங்கி அவர் கழுத்துக்கு வந்துவிட்டது.

மேஸ்திரி ரோட்டைப் பார்த்தான். “மொதலாளி காரு வர்ற நேரம். பூசைய அந்தாண்ட வெச்சிக்கலாம். இத்த ஒரு படுதா போட்டு மூடுங்கடா” என்றான்.

மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுசன் மேல் படுதா போடச் சொன்னான் அந்தப் படுபாவி. அடுக்கியிருந்ததில் ஒரு சவுக்குக் கட்டையை உருவி அவன் காதோடு சேர்த்து ஒரு போடு போட்டேன். காது கிழிந்து தொங்கியது. திரும்பினவன் முதுகில் இன்னொன்று. இடுப்பில் எட்டி உதைத்தேன், குழிக்குள் போய் விழுந்தான். விளிம்பைப் பிடித்து ஏற வந்தான். விரல்களின் மேல் கட்டையை இறக்கினேன்.

“அவரு மோவாயத் தூக்கிப் புடிடா. வாய்ல தண்ணி போச்சுன்னா ஒன் மண்டைய ஒடச்சிருவேன்” என்றேன். நிஜமாகவே உடைத்திருப்பேன். அவனுக்கும் அது தெரிந்தது. என் புருசன் தலையை முழங்கையால் அணைத்து, தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு அண்ணாந்து கத்தினான்.

“கட்டையக் கொண்டாங்கடா. இந்தச் செவுரும் வுழுது. கட்டையப் போடுங்கடா.”

அதுவரை மரம் மாதிரி நின்ற அத்தனை பேரும் ஓடினார்கள். பலகை வந்தது, கட்டை வந்தது, அடித்து இறுக்கினார்கள், இறங்கிக் கையாலேயே மண்ணை வாரினார்கள். என் புருசன் புதைந்தபோது வராத கட்டைகள் மேஸ்திரி விழுந்ததும் வந்துவிட்டன.

அவரைப் பலகையில் கிடத்தி மேலே ஏற்றினார்கள். இடது கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்து, “தண்ணி” என்றார். மழையைக் கையில் ஏந்தி ஊட்டினேன். மற்றவர்கள் வண்டி பிடிக்க ஓடினார்கள்.

மேஸ்திரி உள்ளேயே இருந்தான். நசுங்கின விரல்களால் எதையும் பற்றி ஏற முடியவில்லை. “கை குடு மே” என்று என்னைப் பார்த்து நீட்டினான். என் புருசன் தலை என் மடியில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.