வலது பக்கம் கொஞ்சம் மந்தம்

கடைத்தெருவில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்து பாட்டுக் கேட்கிற கிறுக்கர்கள் கூட்டத்தில் அவர் பெயர் ஜோடிக்காரர். அந்தக் கூட்டம் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தது, பேச்செல்லாம் போன் குழுவில் எழுதுவதுதான். கடையில் ஆம்ப்ளிஃபயர் வாங்குவது காசைக் கரியாக்குகிற வேலை என்று நம்பி, அதைவிட அதிகமாகக் கரியாக்கித் தாங்களே செய்துகொள்கிறவர்கள். அவர்களுக்கெல்லாம் அதற்குள் வைக்கிற டிரான்சிஸ்டர் என்ற சின்னப் பாகத்தை ஜோடி சேர்த்துக் கொடுப்பவர் இவர்.

ஜோடி சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த டிரான்சிஸ்டர்கள்கூட ஆளுக்கொரு குணம் காட்டும். ஆம்ப்ளிஃபயருக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பாரத்தைத் தூக்குகிற இரண்டும் ஒத்த குணமாக இல்லாவிட்டால் பாட்டு கெட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றாக மீட்டரில் செருகி அளந்து, ஒத்ததை ஒத்ததோடு சேர்க்க வேண்டும். விரலால் தொட்டால் விரல் சூட்டுக்கே அளவு மாறும், இடுக்கியால்தான் எடுக்கலாம். மீட்டரில் எண் நிலைக்கும்வரை மூச்சுக்காற்றுகூடப் படக் கூடாது. மின்விசிறி சுற்றவே கூடாது. "எங்கேயோ இருக்கிற ஜோடியைச் சேர்க்கிறேன்னு வீட்ல இருக்கிற ஜோடியைப் பிரிச்சுடாதீங்க" என்று மனைவி பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டே சொல்வாள். அந்தக் காற்றும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று அவர் கையை ஆட்டுவார்.

அமைந்த ஜோடியை முகத்தோடு முகம் வைத்து, மெல்லிய செப்புத் தகட்டை வளையமாகச் சுற்றிவிடுவார். சூடேறினால் இரண்டும் சேர்ந்து ஏறும், ஆறினால் சேர்ந்து ஆறும்.

இதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இடது பக்கத்து ஒலியையும் வலது பக்கத்து ஒலியையும் கூட்டிக் குறைத்துச் சமன் செய்கிற பேலன்ஸ் திருகு என்று ஒன்று இருக்கிறது. அவர் கட்டிய எந்த ஆம்ப்ளிஃபயரிலும் அதைப் பார்க்க முடியாது. ஜோடி சரியாக அமைந்தவனுக்கு அந்தத் திருகு எதற்கு என்று கேட்பார். தெரியாத்தனமாக யாராவது அதை வைத்துக் கட்டிவிட்டால், அந்த ஆள் கூட்டத்தில் தலைகாட்ட முடியாதபடி கேலி செய்து ஓட்டிவிடுவார்.

கடையிலும் வாய் சும்மா இருக்காது. கண் மங்கிப் போனவர்களில் பாதிப் பேர் அதை ஒப்புக்கொள்வதே இல்லை. பேப்பர்காரன் மையைக் குறைத்துவிட்டான் என்பார்கள். உங்கள் கடையில் பல்பு மங்கலாக எரிகிறது என்பார்கள். அவர்கள் படியிறங்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

இப்படிப்பட்டவரின் பழைய ஆம்ப்ளிஃபயரில் வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது. பிரித்து மேய்ந்து பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. வயசாகிவிட்டது, பாவம் என்று தீர்ப்புச் சொல்லி, பாகங்களைக் கழற்றி டப்பாவில் போட்டார். டிரான்சிஸ்டரெல்லாம் உட்கார்கிற சர்க்யூட் போர்டைப் புதிதாக வரைந்து, எல்லோரும் சேர்ந்து ஒரே ஆர்டராக அடித்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் பேச்சைத் தொடங்கியவரும் அவர்தான். தனி ஆளுக்கு ஒன்றிரண்டு போர்டு என்றால் தொழிற்சாலைக்காரர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். பல கை சேர்ந்தால்தான் மதிப்பார்கள்.

வரைய முன்வந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. மருத்துவமனைகளில் எக்ஸ்ரே மெஷின் பழுது பார்க்கிறவன், அளந்து பேசுகிறவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து மாமாவின் மேசையோரம் உட்கார்ந்துவிடுவான். இதுவரை பிறர் வரைந்த போர்டில்தான் கட்டியிருந்தான்; சொந்தமாக வரைந்தது இதுதான் முதல். மாமா வாயால் ஒரு தடவை நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்பது அவனுடைய பல வருட ஆசை. அவன் சொன்னதில்லை, ஆனால் அக்காவுக்குத் தெரியும். மாதிரிக்கு இடது பக்கத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு போர்டு வந்தது. ஜோடிக்காரர் கட்டிப் பார்த்து 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆர்டர் போய்விடும். கூட்டம் முழுக்க அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது.

அவர் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல ஜோடிகளைப் போட்டுக் கட்டினார். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவே, எதிரே, தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். வலது பக்கம் மந்தம்.

மச்சினன் மீட்டர் வைத்துக் காட்டினான். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே அளவு. மீட்டருக்குக் காது இருக்கிறதா என்று கேட்டார், வாழ்நாளெல்லாம் மீட்டரை நம்பி ஜோடி சேர்த்த மனிதர். இடது ஒயரை வலது பெட்டிக்கும் வலதை இடதுக்கும் மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாமே என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மந்தம் பெட்டி மாறினால் பழுது போர்டில், மாறாவிட்டால் வேறெங்கோ; இந்த வேலையில் அது அரிச்சுவடி. அதனாலேயே அவருக்குச் சுருக்கென்றது. போதாததற்கு அவர் ஒயர்களை அளவெடுத்து வெட்டி இரண்டு முனையிலும் பற்றவைத்திருந்தார். ஒரு பக்கத்து ஒயர் மறு பக்கத்துக்கு எட்டாது. எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று கேட்டுவிட்டார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ராப்பகலாக உட்கார்ந்து மறுபடி வரைந்தான். மறுபடி மாதிரி வந்தது. மறுபடி மந்தம். இந்தத் தடவை அவர் கூட்டத்துக்கே எழுதிவிட்டார்: வரைந்தவருக்கு இன்னும் கை படியவில்லை, ஆர்டர் வேண்டாம், பொறுங்கள். அது உண்மை என்று நம்பித்தான் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். பலர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். மச்சினன் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினான். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கப் போவதில்லை, ஆம்ப்ளிஃபயர் சாமான்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அக்காவிடம் போனில் சொன்னான்.

கடைக்கு விடுமுறையான ஒரு காலையில் அந்தப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, அவர் நாற்காலியில் கண்ணை மூடி அதே பாட்டைக் கேட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். தம்பியின் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

"ஒயரை மாத்த முடியாது, சரி. நாற்காலியை மாத்தலாம்ல?"

அவருக்கு விளங்கவில்லை.

"திருப்பிப் போட்டு உக்காருங்க. பெட்டிக்கு முதுகைக் காட்டி."

முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறவன் எவன் என்று சிரித்தார். அவள் சிரிக்காமல் நின்றாள். வேறு வழியில்லாமல் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது இடது பெட்டி அவருக்கு வலது பக்கம் வந்திருந்தது. ஒரு குறையும் இல்லை என்று அவரே சத்தியம் செய்த பெட்டி. அது மந்தமாகப் பாடியது. மந்தம் என்று அவர் ஊரெல்லாம் சொன்ன பெட்டி, இடது காதுப் பக்கமிருந்து கணீரென்று பாடியது.

எழுந்து நாற்காலியை நேராகப் போட்டுக் கேட்டார். மறுபடி திருப்பிப் போட்டுக் கேட்டார். பாட்டை நிறுத்தினார். அழுக்கு அடைத்திருக்குமோ என்ற நப்பாசையில் வலது காதைக் குடைந்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ரொம்ப நாளா உங்க இடது பக்கம்தான் உக்காருறேன். கவனிக்கலையா?"

யோசித்துப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் இடது பக்கம். பேருந்தில் இடது பக்கம். தெருவில் நடக்கும்போது அவள் சுற்றிவந்து பக்கம் மாறுவதை, வெயிலுக்கு ஒதுங்குகிறாள் என்றே நினைத்திருந்தார்.

"கட்டில்லகூட மாறினேனே. ஜன்னல் காத்து ஒத்துக்கலன்னு சொல்லி."

ஜன்னலோரம் அவள் கல்யாணமான நாளிலிருந்து யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடம். அதற்காகப் புதுப்பெண்ணாக இருக்கும்போதே சண்டை போட்டவள். இத்தனை நாளாகச் சுவரோரம் புழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏன் சொல்லித் தொலைக்கவில்லை என்று கேட்டார்.

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? பல்பு மங்கலா எரியுதுன்னு சொல்றவங்களைத் தினமும் நடிச்சுக் காட்டினது நீங்கதானே."

கோபம் வந்த வழியே போய், அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. காது போனதற்கான வெட்கம்கூட இல்லை. ஒரு நல்ல போர்டை, ஆசை ஆசையாக வரைந்தவன் முகத்திலேயே விட்டெறிந்தோமே என்று நெஞ்சை அறுத்தது.

போர்டு இரண்டு தடவையுமே நன்றாகத்தான் இருந்தது, பழுது என் வலது காதில் என்று கூட்டத்துக்கு எழுதினார். பிறகு மச்சினனைக் கூப்பிட்டார். போனைத் தான் எப்போதும் இடது காதிலேயே வைப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மாப்ள, தப்பு போர்டுல இல்ல, என் காதுல. எல்லார் முன்னாடியும் உன்னைச் சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தக் காதும் போய்விட்டதோ என்று ஒரு கணம் பயந்துபோனார்.

"டாக்டரைப் பாத்தீங்களா மாமா?" என்றான் கடைசியில்.

பார்க்கிறேன், நீ ஆர்டரைப் போடு என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, போர்டில் பேலன்ஸ் திருகுக்கு ஓர் இடம் விட முடியுமா என்று கேட்டார்.

"முதல்ல வரைஞ்சப்பவே விட்டிருக்கேன் மாமா. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

விலகியவர்கள் திரும்பி வந்ததும், ஜோடிக்காரர் காது கெட்டதால்தான் நமக்குப் புது போர்டு கிடைத்தது என்று கூட்டம் அவரை வறுத்தெடுத்ததும், காது டாக்டரிடம் உங்கள் மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்க வாயெடுத்து அவர் அடக்கிக்கொண்டதும் பிறகு நடந்தவை. அன்று மத்தியானம் அவள் துணி மடித்து எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனபோது, அவர் கட்டிலருகே நின்றிருந்தார். தலைமாட்டில் இருந்த தலையணைகள் கால்மாட்டுக்குப் போயிருந்தன. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் ஜன்னல் அவருக்கு இடது பக்கம் வரும்.

"ஜன்னல் காத்து இனிமே ஒத்துக்குமா?" என்று கேட்டார்.

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய இடது பக்கம் வந்து நின்று, "ஒத்துக்கும்" என்றாள்.